ஈர்க்கு நின்ற இடம்

வடுகபட்டிப் பூண்டுச் சந்தை கலைந்த பிறகு தங்கப்பாண்டி தன் ஆம்னி வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சேக் பரீத் வந்தார். வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. பச்சைத் துணியில் சுற்றிய பொதி ஒன்றைக் கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்திருந்தார்.

"தம்பி, போலீஸ்ல ரேகை பாத்தவுக, ராமுத்தாயம்மா, அவுக வீடு இதானா?"

"இதான் பாய். எங்க மதினிதான். ரிடையர் ஆனாலும் வீட்டு டம்ளரையெல்லாம் இன்னும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத்தான் பாக்குறாக."

"கழுவுறது நீ. அதான் பாக்குறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ராமுத்தாய் வெளியே வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் உரித்த பூண்டு. அண்ணன் இறந்த பிறகு மதினிக்குத் துணையாக வந்து சேர்ந்தவன் தங்கப்பாண்டி. துணை என்று சொல்லிக்கொண்டாலும், அவளைத் தேடி வருகிறவர்களின் வழக்குகளில் மூக்கை நுழைப்பதுதான் அவனுக்குப் பூண்டு வியாபாரத்தைவிடப் பிடித்த வேலை. வேனை அரைகுறையாகக் கழுவிவிட்டு அவனும் உள்ளே போனான்.

சேக் பரீத் பொதியை அவிழ்த்தார். உள்ளே ஒரு பெரிய புத்தகம் போல மடிந்து கிடந்தது நில அளவைப் படம். அவர் விரிக்க விரிக்க அது கூடம் முழுவதும் பரவியது. சின்னமனூர் முதல் கூடலூர் வரைக்கும் பள்ளத்தாக்கு அங்கே கிடந்தது. மைலுக்கு நான்கு அங்குலம் என்று பெரிய அளவில் எழுதிய படம். மலைகள் தூரிகைத் தீற்றலாக எழுந்து நின்றன. ஆறு நீலமாக ஓடியது. புளியந்தோப்புகளில் மரங்களைத் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். பதினாறு துண்டுத் தாள்களில் எழுதி, அவற்றை மெல்லிய துணியின் மேல் நூலிழை இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார்கள். மடிப்பு துணியில் விழும், தாள் முறியாது. மூலையில் சர்வே துரையின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழில்: 'அளந்து எழுதியது மீரான் ராவுத்தர், உத்தமபாளையம்.'

தங்கப்பாண்டி குனிந்து அந்தப் பெயரைப் படித்தான். துரையின் பெயருக்குப் பக்கத்தில் தன் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயர் அத்தனை நிமிர்வாக நிற்பதைப் பார்க்க அவனுக்கே மார்பு விரிந்தது.

"எங்க முப்பாட்டனார்" என்றார் சேக் பரீத். "இந்தச் சமவெளியில அவுக அளவுச் சங்கிலி படாத வரப்பு கிடையாது. வெயில்ல அளந்து, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல எழுதுவாகளாம். ஒரு படம் மெட்ராசுக்குப் போச்சு. அதே மாதிரி இன்னொண்ண எழுதி ஊருக்குன்னு வச்சிட்டுப் போனாக. வாய்க்காத் தகராறு, பாதைத் தகராறு எதுன்னாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாக. படத்த விரிப்போம். படம் சொன்னா ஊர் கேக்கும். சாதி மதம் பாக்காம நாலு தலைமுறையா கேட்டுருக்கு."

"இப்ப என்ன ஆச்சு பாய்?"

அவர் விரலை ஊருக்கு மேற்கே ஓரிடத்தில் வைத்தார். அந்தத் துண்டில் பொட்டல் நிலத்துக்கான புள்ளிகள் மட்டுமே இருந்தன.

"இங்கன பாலூத்து ஊருணி இருந்துச்சு, ஆத்தா. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலமா. நான் சின்னப் புள்ளையில இருந்து பாத்திருக்கேன். நெசத்துல அது மண் மேடாகி வருசக்கணக்காச்சு. ஆனா மழை பேஞ்சா தண்ணி அங்கனதான் வந்து நிக்கும், சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் ஊறும். இப்ப ஆதித்தன்னு ஒருத்தர் அதுல மனை போடுறாரு. தூர் வாருங்கன்னு நாங்க சொன்னோம், ஊருணியே இல்லைன்னாரு. தாலுகா ஆபீஸ்ல இருக்கிறது பிற்பாடு எழுதுன படம், அதுல தரிசுன்னுதான் இருக்கு. மெட்ராசுல தேடி எடுக்க மாசக்கணக்காகும். அப்பத்தான் அவரே சொன்னாரு, பாய் வீட்டுப் படத்துல இருந்தா நானே கல்லப் புடுங்கிடுறேன்னு."

"விரிச்சீக."

"ஊர் முன்னாடி விரிச்சேன். இல்ல."

அந்தப் பொட்டல் புள்ளிகளை அவர் விரலால் தடவினார்.

"எனக்கு மறதின்னு சொன்னாக, தாங்கிக்கிட்டேன். பொய்யின்னான் ஒருத்தன், அதையும் தாங்கிக்கிட்டேன். ராவுத்தர் படமே தப்போன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, அது தாங்கல. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி கூடுறாக. அன்னிக்கும் காட்ட முடியலைன்னா ஊருணியும் போச்சு, அவுக பேரும் போச்சு."

ராமுத்தாய் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். அதிக நேரம் பார்க்கவில்லை. "உங்க வீட்டுல மடிக்கிற மாதிரியே மடிங்க பாய்" என்றாள். மடித்ததும், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைச் சீவிக் கழுவினாள். மடித்த படத்தின் மேல் தாளில் இராமபாணப் பூச்சி துளைத்த சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. ஈர்க்கை அதில் மெல்ல இறக்கினாள். அது தடையில்லாமல் உள்ளே போய், பாதி வழியில் நின்றது. படத்தைப் புரட்டி, அடியில் இருந்த ஓட்டை வழியாக இறக்கினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்ச தூரம் போய் நின்றது.

சேக் பரீத்தின் முகம் கனிந்தது. "எங்க தம்பி மகன் சதாம் சின்ன வயசுல இப்படித்தான் விளையாடுவான். இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பான். அவன் தாத்தா, எங்க அத்தாகிட்ட அடியும் வாங்குவான்."

"அந்தப் பக்கம் எடுப்பானா?"

"எடுப்பான்."

ராமுத்தாய் தலையாட்டிக்கொண்டாள். பிறகு படத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொடியில் விரித்து, வெயில் பின்னாலிருந்து விழும்படி செய்தாள். துண்டுகளின் நடுவில், தாளுக்குப் பின்னே, மங்கலாக ஏதோ எழுத்து தெரிந்தது.

"எழுநூத்தி எண்பத்தாறு" என்றார் சேக் பரீத் மெதுவாக. "இறைவன் பேரச் சொல்லித் தொடங்குறதுக்கு அடையாளமா அரபு எண்ணுல எழுதுறது. ஒவ்வொரு தாளையும் தொடங்குறதுக்கு முன்னாடி முதுகுல எழுதுவாகளாம்."

"இதுல இல்லையே பாய்" என்றான் தங்கப்பாண்டி. அவன் தொட்டது பொட்டல் நிலத் துண்டை. அதன் பின்னே ஒன்றும் தெரியவில்லை.

"இல்லாமத்தான் இருக்கும்" என்றாள் ராமுத்தாய். "இந்தத் துண்டு உங்க முப்பாட்டனார் கை இல்ல. அவுக தாள உரிச்சிட்டு, யாரோ வேற தாளை ஒட்டியிருக்காக. உங்களுக்கு மறதியும் இல்ல, அவுக படத்துல தப்பும் இல்ல."

சேக் பரீத் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கினாலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. "படம் வச்ச பெட்டிச் சாவி எங்கன இருக்குன்னு சதாமுக்குத் தெரியும் ஆத்தா" என்றார். "அவன் அந்த ஆதித்தன்கிட்டத்தான் வேலை பாக்குறான். ஒரு வாரமா அவன் மூஞ்சியில நான் முழிக்கல."

"படம் வேற யார் கைக்குப் போச்சு?"

"காப்பி எடுக்க வினோத்ராஜ் கடையில ஒருநா இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தம்பி. அப்புறம் கண்காட்சிக்குன்னு காலேஜ் வாத்தியார் எபனேசர் ஒரு வாரம் வச்சிருந்தாரு. அவ்வளவுதான்."

அன்று மாலையே பூண்டு மணக்கும் வேனில் உத்தமபாளையம் போனார்கள். போகும் வழியெல்லாம் தங்கப்பாண்டி வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். "சாவி இருக்கு, சம்பளம் இருக்கு, ஆசை இருக்கு. சதாம்தான் மதினி, சத்தியமா."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

எபனேசர் படத்தைப் பற்றிக் கேட்டதும் பாடமே நடத்தத் தொடங்கிவிட்டார். அறுபத்தாறு அடிச் சங்கிலியை எப்படி இழுத்தார்கள், கொடி நட்டு எப்படிக் குறி பார்த்தார்கள் என்று மேசை மேல் ஸ்கேலும் பென்சிலுமாகக் காட்டினார். "கண்ணாடிப் பெட்டியில வச்சுத்தான் காட்டினேன், மேடம். ஒரு பையன் பூச்சி ஓட்டையை அடைச்சிரலாமான்னு கேட்டான். வேணாம்ப்பா, அந்த ஓட்டைக்கும் நம்மவிட வயசு அதிகம்னு சொன்னேன்."

"பாலூத்து ஊருணியைப் பாத்தீகளா?"

அவர் தயங்கினார். "தேடினேன். இல்ல. பாய்கிட்டச் சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லாம விட்டுட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

"அப்படின்னா இவர்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு" என்றான் தங்கப்பாண்டி, வெளியே வந்ததும். "இல்லாட்டி இவரே பொய் சொல்றாரு."

"ஓட்டைக்கு மரியாதை குடுக்கிற மனுசன்" என்று மட்டும் சொன்னாள் ராமுத்தாய்.

சதாமை மனையிடத்தில் பிடித்தார்கள். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. நடுவே நிலம் தாம்பாளம் போலத் தாழ்ந்து கிடந்தது. அந்தத் தாழ்வில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அஸ்திவாரக் கடைக்கால் போட்டிருந்தார்கள். மூலைச் செங்கல்லில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. பக்கத்தில் நட்டிருந்த மூங்கிலில், மனை முகூர்த்த அழைப்பிதழ் ஒன்று கட்டியிருந்தது. பழைய ராஜா காலத்து ஓலை போலச் சுருட்டுகிற ரகம். வெயிலில் மை வெளிறிப் பெயர் தெரியவில்லை. தங்கப்பாண்டி தொட்டுப் பார்த்தான். கனத்த தாள், பழுப்பு நிறம், உள்ளே நார் நாராக இழைகள்.

"பெரியத்தா என்னையத்தான் சந்தேகப்படுறாக, தெரியும்" என்றான் சதாம், துண்டு மாறியதை ராமுத்தாய் சொன்னதும். குரல் முரடாக இருந்தது. "நான் பண்ணியிருந்தா துண்டு வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். பொதியோட தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் காணோம்னு சொல்லியிருப்பேன். இங்கன வேலை பாக்குறது சோத்துக்கு. அந்தப் படம் எங்க வீட்டு மானம்."

"இந்தக் கடைக்கால் யாரோடது?"

"யாரோ வாங்குனவுக. ஆபீஸ்ல கேக்கணும்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாக வினோத்ராஜ் கடை. சுவர் முழுக்கப் பத்திரிகை மாதிரிகள். பிள்ளையார் போட்டது ஒரு பக்கம், சிலுவை போட்டது ஒரு பக்கம், 786 போட்டது ஒரு பக்கம். வினோத்ராஜுக்கு நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, எழுந்து நின்று வரவேற்கிற பணிவு. மேசைக் கண்ணாடியின் கீழே யாருடைய வீட்டுக்கோ போட்ட பிளான் இருந்தது. ராமுத்தாய் தங்கப்பாண்டிக்குப் பெண் பார்ப்பதாகவும், பத்திரிகை மாதிரி வேண்டும் என்றும் கூசாமல் சொன்னாள். தங்கப்பாண்டி ஒரு கணம் நம்பியே விட்டான்.

"போட்டோவும் போடலாம்மா" என்றார் வினோத்ராஜ். கம்ப்யூட்டரில் ஒரு மணமகனின் முகத்தைக் காட்டினார். கன்னத்தில் இருந்த பரு, தழும்பு, மை தெறித்த புள்ளி எல்லாம் அவர் விரல் அசைவில் ஒவ்வொன்றாக மறைந்தன. "என் கைக்கு வந்த படத்துல ஒரு புள்ளி நிக்காதும்மா. கை பழகிப்போச்சு, தானா துடைச்சிரும்."

அப்போது மின்விசிறிக் காற்றில் ஒரு கிழிந்த பத்திரிகை தரையில் விழுந்தது. வினோத்ராஜ் பேச்சை நிறுத்திக் குனிந்து எடுத்தார். அதில் 786 இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, உயரத்தில் இருந்த ஒரு மூங்கில் கூடையில் போட்டார்.

"அது என்ன கூடை?" என்று கேட்டான் தங்கப்பாண்டி.

"தப்பா அடிச்சதும் வெட்டி விழுந்ததும்ண்ணே. சாமி பேரு இருக்கிற தாள், கால்ல மிதிபடக் கூடாதுல்ல. குப்பையிலயும் போட முடியாது, தீயிலயும் போட முடியாது. எந்தச் சாமியா இருந்தா என்ன. ஆத்துல தண்ணி நெறஞ்சு வர்றப்போ கொண்டுபோய் விட்டுருவேன். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

"இந்த வருசம் விட்டாச்சா தம்பி?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"இன்னும் இல்லம்மா."

"நல்லது. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துக்கு வாங்க. அதுவரைக்கும் ஆத்துக்குப் போகாதீக."

வினோத்ராஜின் கை ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றது. ராமுத்தாய் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேனில் ஏறியதும் தங்கப்பாண்டி கொதித்தான். "பிடிச்சிட்டீக, அப்புறம் ஏன் விட்டுட்டு வர்றீக? இந்நேரம் கூடையைக் கவுத்திருவான்."

"கவுக்க மாட்டாரு. கவுக்கிற ஆளா இருந்தா அது கூடைக்கே போயிருக்காது."

ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் உட்கார இடமில்லை. முன் வரிசையில் ஆதித்தன். சுவரோரம் சதாம். பெரியத்தாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. எபனேசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கதவோரத்தில் வினோத்ராஜ், மடியில் ஒரு மஞ்சப்பை.

ராமுத்தாய் மேசையில் படத்தை மடித்தபடியே வைத்தாள்.

"நான் யார் பேரும் சொல்ல வரல. தாள் என்கிட்டச் சொன்னதை உங்ககிட்டச் சொல்றேன்" என்றாள். "இராமபாணம் மடிச்ச படத்தத்தான் தின்னும். மேல நுழைஞ்சா அடி வரைக்கும் போகும். அதனால பதினாறு துண்டுலயும் ஓட்டை இருக்கணும். ஈர்க்கு இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வரணும். இப்பப் பாருங்க."

ஈர்க்கை இறக்கினாள். பாதியில் நின்றது.

"ஒரு துண்டுல ஓட்டை இல்ல. ஊருணி இருந்த துண்டு. வெயில்ல பிடிச்சுப் பாத்தா, மத்த தாள் முதுகுல எல்லாம் 786 இருக்கு, அதுல மட்டும் இல்ல. ஆக, பழைய தாள உரிச்சிட்டு, படம் பிடிச்சு அச்சடிச்ச தாளை ஒட்டியிருக்காக. யாரு? சதாம்னு பல பேரு நெனச்சீக. எங்க தங்கப்பாண்டி சத்தியமே பண்ணுனாரு."

சிரிப்பு எழுந்தது. தங்கப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

"சின்ன வயசுல இதே ஓட்டையில ஈர்க்கு விட்டு விளையாடுன புள்ள சதாம். அது தெரிஞ்சவன் ஓட்டை இல்லாத தாளை ஒட்ட மாட்டான். எபனேசர் சார், ஓட்டையை அடைக்கக்கூட விடாதவரு. அவரும் இல்ல. ஊருணியைத் துடைச்சது ஒரு காரணத்தோட. ஆனா ஓட்டையைத் துடைக்க ஒரு காரணமும் இல்ல. அது கைப்பழக்கம். படத்துல ஒரு புள்ளியக்கூட நிக்க விடாத கை."

கதவுப் பக்கம் திரும்பாமலே அவள் பேசினாள்.

"பழைய தாளை எரிச்சிருந்தா இன்னிக்கு நான் வெறும் பேச்சுத்தான் பேசணும். ஆனா எரிச்சிருக்க மாட்டாக. உரிச்சப்போ முதுகுல அந்த எண்ணு இருந்திருக்கு. கடவுள் பேரு எந்த எழுத்துல இருந்தாலும் கண்ணுல ஒத்திக்கிற கை அது. அந்தத் தாள எரிக்க அந்தக் கைக்கு வராது. ஒரு தப்பு பண்ணுன கைதான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்லது பழகுன கை. அந்த நம்பிக்கையிலதான் நான் போலீஸக் கூப்பிடாம வந்திருக்கேன்."

வினோத்ராஜ் எழுந்தார். கூட்டம் வழி விட்டது. அவர் நடந்து வந்து மஞ்சப்பையிலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய தாளை எடுத்து, இரண்டு கையாலும் சேக் பரீத்திடம் நீட்டினார்.

"அங்கன முத முதல்ல கடைக்கால் போட்டது நான்தான் பாய்" என்றார். "வாடகை வீட்டுலயே எங்க அம்மா போய்ச் சேந்துட்டாக. சொந்த வீட்டுல விளக்கேத்தணும்னு பெஞ்சாதிக்கு ஆசை. ஊருணின்னு ஆயிட்டா இடிக்கணுமேன்னு புத்தி கெட்டுப்போச்சு. ஓலைப் பத்திரிகை அடிக்கிற தாள்லதான் அடிச்சேன். ஆதித்தன் சாருக்கு இது தெரியாது. உரிச்சுப் பாத்தப்போ அந்த எண்ணு இருந்துச்சு. அன்னிக்கிருந்து தூக்கம் இல்ல. உங்களப் பொய்யாக்குனேன். படம் எழுதுனவுகளையும் பொய்யாக்கிட்டேன்."

சேக் பரீத் துணியை விலக்கினார். பொட்டலின் நடுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, நூற்றைம்பது வருடம் வெளிறாத நீலம். பக்கத்தில் மயிரிழை எழுத்தில் 'பாலூத்து ஊருணி.' அவர் அதை உயர்த்திப் பிடித்தார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஆதித்தன் தொண்டையைச் செருமினார். "சொன்ன வார்த்தை சொன்னதுதான். நாளைக்குக் கல்லப் புடுங்கிடுறேன்."

"அப்ப அவரு வீடு?" என்று கேட்டது சதாம். எல்லோரும் திரும்பினார்கள். "உங்க மனைய நம்பிக் கடைக்கால் போட்டவரு. மேட்டுல நாலு மனை சும்மாத்தான கிடக்கு சார். மாத்திக் குடுங்க."

ஆதித்தன் அவனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார்.

சேக் பரீத் கூட்டத்தைக் கடந்து சதாமிடம் போனார். "பெரியத்தா தப்பா நெனச்சிட்டேன் அத்தா" என்றார். தகப்பனுக்கான அந்தச் சொல்லால்தான் அவர்கள் மகன்களையும் கொஞ்சுவார்கள். அவன் அவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துவிட்டான்.

பிறகு அவர் வினோத்ராஜ் பக்கம் திரும்பினார். "உரிச்சது தெரியாம உரிச்ச கை உன் கை. இந்த ஊர்ல வேற யாருக்கும் அப்படி வராது. நீயே ஒட்டிக் குடு தம்பி."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சேக் பரீத் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒட்டினார்கள். கஞ்சிப் பசையில் பூச்சி வராதிருக்கத் துத்தம் கலந்து, வினோத்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளை அதன் இடத்தில் இறக்கினார். புதிய தாளைக் கிழிக்காமல் எபனேசர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவும் ஒரு நாள் வரலாறாகும் என்றார். வெளியே மேற்குப் பக்கம் ஜேசிபி சத்தம் கேட்டது. ஊருணியைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள்.

பசை காய்ந்ததும் சேக் பரீத் படத்தை மடித்தார். ராமுத்தாய் ஈர்க்கை எடுத்துத் தங்கப்பாண்டியிடம் நீட்டினாள். "சத்தியம் பண்ணுன பாவத்துக்கு நீயே விடு."

அவன் ஓட்டையில் நுனியை வைத்தான். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியில் குனிந்து கை நீட்டிக் காத்திருந்த சதாம், சின்னப் பிள்ளையைப் போல், நுனியைப் பிடித்து அந்தப் பக்கம் உருவி எடுத்தான்.